முகவரி இல்லாத புகார்ப் பெட்டி

"அண்ணா, நம்ம ப்ராஜெக்ட்டோட நடத்தை விதி ஃபைல்ல புகாரை எங்க அனுப்பணும்னு ஒரு வரி இருக்குல்ல, அதை ஒரு தடவை பாருங்களேன்."

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்த மெசேஜ். அனுப்பியவர் இயற்பியல் முதுகலை மாணவி. மழை, வெப்பநிலை போன்ற தரவுகளை அலசுவதற்கான ஒரு திறமூல லைப்ரரியில் நாங்கள் இருவரும் பங்களித்துக்கொண்டிருந்தோம். உலகம் முழுக்கப் பத்துப் பன்னிரண்டு பேர் வேலை செய்யும் சின்ன ப்ராஜெக்ட். அதில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

ஃபைலைத் திறந்தேன். துன்புறுத்தலோ ஏற்றுக்கொள்ள முடியாத நடத்தையோ நேர்ந்தால் பொறுப்பாளர்களிடம் தெரிவிக்கலாம் என்று இருந்தது. எப்படித் தெரிவிப்பது என்ற இடத்தில், கட்டமிட்ட அடைப்புக்குறிக்குள், கொட்டை எழுத்தில், "தொடர்புகொள்ளும் வழியை இங்கே இடவும்" என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. வார்ப்புருவில் நிரப்பச் சொல்லி விட்டிருந்த வெற்றிடம். நான்கு வருடமாக யாரும் நிரப்பவில்லை.

யார் சேர்த்தது என்று கிட் வரலாற்றைப் பார்த்தேன். நான்தான்.

அப்போது ஒரு நிதி விண்ணப்பத்துக்கு "உங்கள் சமூகத்தில் நடத்தை விதிகள் உண்டா?" என்று கேட்டிருந்தார்கள். காண்ட்ரிபியூட்டர் கவனென்ட் என்ற வார்ப்புருவை எடுத்தேன், ஒட்டினேன், கமிட் அடித்தேன். அந்தப் பெயரில் ஒரு ஃபைல் இருந்தாலே கிட்ஹப் தன் சமூகத் தரநிலைப் பட்டியலில் ஒரு பச்சை டிக் போட்டுவிடும். அந்த டிக்கைப் பார்த்துத் திருப்தியாகத் தூங்கப் போனவன் நான்.

*

அந்தப் பெண்ணுக்கு என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். மெசேஜ் வருவதற்கு நான்கு நாள் முன்னால் எங்கள் மாதாந்திர வீடியோ கால். லைப்ரரி ஆண்டுச் சராசரி எடுக்கும் விதத்தில் ஒரு பிழை இருப்பதாக அவர் சொன்னார். 12 மாதச் சராசரிகளைக் கூட்டி 12-ஆல் வகுத்துக்கொண்டிருந்தோம். 28 நாள் பிப்ரவரிக்கும் 31 நாள் ஜனவரிக்கும் ஒரே எடை. தினசரித் தரவிலிருந்து நேரடியாகச் சராசரி எடுத்தால் வரும் விடையும் இதுவும் ஒத்துப்போகாது. வித்தியாசம் சின்னதுதான். ஆனால் பத்தில் ஒரு பங்கு டிகிரிக்குச் சண்டை நடக்கும் துறை இது.

மூத்த மெயின்டெய்னர் ஒருவர் அவரை முடிக்கவிடவில்லை. முதலாம் ஆண்டுப் புள்ளியியலைப் படித்துவிட்டு வந்து பேசு, இத்தனை பேரின் நேரத்தை வீணாக்குவதற்கு முன் உன் கல்லூரியில் யாரிடமாவது காட்டியிருக்கலாமே என்றார். யாரோ ஒருவர் சிரித்தார். அந்தப் பெண் "சாரி" என்று சொல்லிவிட்டு கேமராவை அணைத்தார். நான் மியூட்டில் இருந்தேன். மியூட்டிலேயே இருந்தேன்.

நான்கு மாதம் கழித்து ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து ஒருவர் அதே பிழையை எழுதி அனுப்பினார். இரண்டே நாளில் திருத்தம் உள்ளே போனது. அதே மெயின்டெய்னர் அவருக்கு நன்றி சொன்னார். அந்தப் பெண் அதற்குள் போய்விட்டிருந்தார்.

இதை வைத்து "பாவம், ஒரு மாணவியின் மனசு புண்பட்டது" என்று கதை சொல்ல நான் வரவில்லை. அவர் மனசு புண்பட்டது உண்மை. ஆனால் அந்த நான்கு மாதமும் எங்கள் லைப்ரரி தப்பான கணக்கைக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதைப் பயன்படுத்தி எத்தனை பேர் எத்தனை வரைபடம் போட்டார்களோ. நடத்தை விதி "மென்மையான" விஷயம், கோடு "கறாரான" விஷயம் என்று பிரித்துப் பேசுகிறவர்களிடம் நான் கேட்க நினைப்பது: இந்தப் பிழை இரண்டில் எதைச் சேர்ந்தது?

*

அறிவியலில் மரியாதைக்கு இடமில்லை, உண்மைக்குத்தான் இடம் என்பது முதல் கட்சியின் வாதம். கேட்கக் கம்பீரமாக இருக்கும். சரி, உண்மையையே எடுத்துக்கொள்வோம்.

2010-இல் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரண்டு புகழ்பெற்ற பொருளாதார அறிஞர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரு நாட்டின் அரசுக் கடன் அதன் மொத்த உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி சரிந்துவிடுகிறது, சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம் என்றது அது. அரசுச் செலவை வெட்ட வேண்டும் என்று வாதாடிய அரசியல்வாதிகள் பலர் அதை மேற்கோள் காட்டினார்கள். மாசசூசெட்ஸ் ஆம்ஹெர்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹெர்ண்டன் என்ற ஆய்வு மாணவர், வகுப்புப் பயிற்சிக்காக அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். விடை வரவில்லை. ஆசிரியர்களிடம் கேட்டார். அவர்கள் எக்செல் கோப்பை அனுப்பினார்கள். சராசரி எடுக்கும் சூத்திரத்தில் ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் என ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. வேறு சில ஆண்டுகளின் தரவும் விடுபட்டிருந்தது, எடையிட்ட முறையிலும் சிக்கல். எல்லாவற்றையும் சரிசெய்தால் வளர்ச்சி பிளஸ் 2.2 சதவீதம் என்று அவரும் அவருடைய இரண்டு பேராசிரியர்களும் 2013-இல் எழுதினார்கள்.

அந்த மாணவரிடம் ஆசிரியர்களோ மூல ஆசிரியர்களோ "முதல்ல போய்ப் படிச்சிட்டு வா" என்று சொல்லியிருந்தால் அந்தப் பிழை இன்னும் எத்தனை வருடம் உயிரோடு இருந்திருக்கும்? கோப்பு கைக்குக் கிடைத்தது திறந்த அறிவியலின் ஒரு பாதி. "இது தப்பா இருக்கு சார்" என்று சொல்கிற வாய் அடைக்கப்படாமல் இருந்தது இன்னொரு பாதி. தரவைத் திறந்துவைத்துவிட்டு ஆளை மூடினால் அதற்குப் பெயர் திறந்த அறிவியலா?

இது புதிய யோசனையும் இல்லை. ராபர்ட் மெர்ட்டன் என்ற சமூகவியலாளர் 1942-இலேயே அறிவியலின் நெறிகள் என்று நான்கைப் பட்டியலிட்டார். ஒரு கூற்றைச் சொன்னவர் யார், என்ன இனம், எந்த நாடு என்று பார்க்காமல் கூற்றை எடைபோட வேண்டும் என்பது அதில் ஒன்று. எதையும் ஐயத்தோடு சோதிக்க வேண்டும் என்பது இன்னொன்று. "திறமை மட்டும்தான் முக்கியம்" என்று சொல்கிற நண்பர்கள் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு முதலாவதை வசதியாக மறந்துவிடுகிறார்கள். எங்கள் காலில் நடந்தது ஐயம் இல்லை. சோதித்துப் பார்ப்பதற்கு முன்னாலேயே சொன்னவரின் கல்லூரியை வைத்துத் தள்ளிவிட்டார்கள்.

*

அடுத்த வாதம்: "திட்டினாத்தான்யா தரம் வரும். லினக்ஸைப் பார்."

பார்ப்போம். லினக்ஸ் கெர்னல் உலகில் லைனஸ் டோர்வால்ட்ஸின் திட்டு ஒரு காலத்தில் புராணம் போலச் சொல்லப்பட்டது. 2013-இல் அங்கே யூஎஸ்பி 3.0 டிரைவரைப் பராமரித்த ஒருவர் இந்தப் பேச்சு முறையைப் பொதுவில் எதிர்த்தார். 2015 மார்ச்சில் கெர்னலுக்கு ஒரு சிறு நடத்தைக் குறிப்பு வந்தது. அதன் பெயரே "மோதல் விதி" என்று நையாண்டியாக இருந்தது. அதே வருடம் அந்த டெவலப்பர் தான் கெர்னலை விட்டு வெளியேறிவிட்டதாக எழுதினார். 2018 செப்டம்பரில் 4.19-இன் சோதனைப் பதிப்பு ஒன்றை வெளியிடும்போது, தன் பேச்சு மற்றவர்களைக் காயப்படுத்தியிருக்கிறது என்று ஒப்புக்கொண்டு டோர்வால்ட்ஸே மன்னிப்புக் கேட்டு, சிறிது காலம் ஒதுங்கினார். அதே சமயம் கெர்னல் காண்ட்ரிபியூட்டர் கவனென்டை ஏற்றுக்கொண்டது.

இணையம் கொதித்தது. எங்கள் கோடைத் திரும்பப் பெற்றுக்கொள்வோம் என்று மிரட்டியவர்களும் உண்டு. பிறகு என்ன நடந்தது? க்ரெக் க்ரோவா-ஹார்ட்மன் அக்டோபரில் 4.19-ஐ வெளியிட்டார். டோர்வால்ட்ஸ் திரும்பி வந்தார். அன்றிலிருந்து ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு பதிப்பு வழக்கம்போல வந்துகொண்டிருக்கிறது. தரம் திட்டிலிருந்து வந்ததென்றால் 2018-க்குப் பிறகு கெர்னல் இடிந்து விழுந்திருக்க வேண்டுமே? உங்கள் போன் ஆண்ட்ராய்டாக இருந்தால் இந்தக் கட்டுரையையே அதன் மேல்தான் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

மூன்றாவது வாதம் நம் ஊர்க்காரர்களுக்கு ரொம்பப் பிடித்தது: "இதெல்லாம் அமெரிக்க இறக்குமதி பாஸ். நம்ம ஊருக்கு செட் ஆகாது."

ராஜஸ்தானில் ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காக பன்வாரி தேவி என்ற அரசுத் திட்டப் பணியாளர் 1992-இல் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். அதையொட்டிப் பெண்கள் அமைப்புகள் தொடர்ந்த வழக்கில்தான் 1997-இல் உச்ச நீதிமன்றம் விசாகா நெறிமுறைகளைத் தந்தது. 2013-இல் அது சட்டமானது. 10 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடம் என்றால் ஓர் உள்ளகக் குழு இருக்க வேண்டும். தலைமை ஒரு மூத்த பெண் ஊழியர். உறுப்பினர்களில் பாதியாவது பெண்கள். நிறுவனத்துக்கு வெளியிலிருந்து ஓர் உறுப்பினர். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். பணியிடத்தில் எப்படி நடந்துகொள்வது என்பதற்கு எழுதப்பட்ட விதியும் கெடுவும் வேண்டும் என்று கேட்டது இந்த மண்ணின் பெண்கள். அவர்கள் யாரும் கலிஃபோர்னியாவைப் பார்த்துக் காப்பி அடிக்கவில்லை.

அந்தச் சட்டம் எல்லா அலுவலகத்திலும் ஒழுங்காக நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஐடி கம்பெனியில் வருடத்துக்கு ஒருமுறை அந்த வீடியோவை ஓடவிட்டுக்கொண்டே டீ குடிக்கப் போகிற கூட்டத்தில் நானும் ஒருவன். ஆனால் அங்கே குறைந்தபட்சம் எங்கே போய்ச் சொல்வது என்று தெரியும். திறமூல, திறந்த அறிவியல் சமூகங்களில் அதுவும் கிடையாது. முதலாளி இல்லை, ஹெச்ஆர் இல்லை, பெரும்பாலும் சம்பளமும் இல்லை. மெயின்டெய்னர் ஒரு நாட்டில், மாணவி இன்னொரு நாட்டில். எந்தச் சட்டத்தின் கையும் எளிதில் எட்டாத இடம். அதனால்தான் அங்கே விதியை நாமே எழுத வேண்டியிருக்கிறது.

*

இவ்வளவு நேரம் விதியே வேண்டாம் என்கிறவர்களைத் திட்டியாயிற்று. எனக்கு அவர்களைவிட இரண்டாவது கட்சி மேல்தான் கோபம் அதிகம். அது என் கட்சி. ஃபைலை ஒட்டிவிட்டுப் பச்சை டிக் வாங்குகிற கட்சி.

விதியே இல்லாத இடத்தில் ஒருவர் ஜாக்கிரதையாக இருப்பார். விதி இருக்கிறது என்று போர்டு வைத்திருக்கும் இடத்தில் நம்பி வருவார். அடி விழுந்த பிறகுதான் போர்டுக்குப் பின்னால் ஆளே இல்லை என்று தெரியும். ஊர்ப் பேருந்தில் பூட்டுப்போட்டுத் தொங்கும் புகார்ப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். சாவி யாரிடம் என்று நடத்துநருக்கே தெரியாது. அந்த ஃபைலைப் போட்ட அன்று நான் செய்தது அதுதான்.

ஆள் இருந்தும் முறை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2020-இல் இணையவழியில் நடந்த ஜூபிடர்கான் மாநாட்டில் ஒரு முதன்மை உரை. நோட்புக்குகள் மோசம் என்று முன்பு வேறொருவர் பேசியதற்கு, நோட்புக்குகள் நல்லவை என்று பதில் சொல்லும் உரை. அது நடத்தை விதியை மீறியதாக நம்ஃபோகஸ் அமைப்புக்குப் புகார் போனது. தன் தரப்பைக் கேட்பதற்கு முன்பே மீறல் என்று முடிவெடுத்துவிட்டுத்தான் தன்னை அழைத்தார்கள் என்று பேச்சாளர் விரிவாக எழுதினார். பெரிய சர்ச்சையாகி, நம்ஃபோகஸ் பொதுவில் மன்னிப்புக் கேட்டது. கருத்தை எதிர்த்துப் பேசுவதற்கும் ஆளை அவமானப்படுத்துவதற்கும் நடுவில் கோடு எங்கே என்று எழுதிவைக்காத விதியால், யாரைக் காப்பாற்ற நினைத்தோமோ அவருக்கும் பயனில்லை, யாரை விசாரிக்கிறோமோ அவருக்கும் நியாயமில்லை. "அன்பாக இருங்கள்" என்பது நல்ல ஆசை. ஆனால் விதியாக அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? யார் அன்பு, யார் அளவுகோல்?

எனக்குத் தெரிந்து இதில் எப்போதும் அடிபடுவது ஆங்கிலம் சரளமாக வராதவர்கள். நம் ஆள் ஒருவர் "கைன்ட்லி டூ தி நீட்ஃபுல்" என்று எழுதினால் கட்டளை போடுகிறான் என்று எடுத்துக்கொள்வார்கள். அதே நேரம் வழவழப்பான ஆங்கிலத்தில் ஆளையே குத்திக் கிழிப்பவர் "நேரடியாகப் பேசுகிறவர்" என்று பெயர் வாங்குவார். விதி தொனியைப் பிடித்தால் மொழி தெரியாதவர்தான் மாட்டுவார். செயலைப் பிடிக்க வேண்டும். பேசும்போது குறுக்கே வெட்டுவது, தகுதியைக் கேள்வி கேட்டுக் கருத்தைத் தள்ளுவது, ஒருவரின் பங்களிப்பை வேறொருவர் பேரில் போடுவது, வேண்டாம் என்ற பிறகும் தனிச் செய்தி அனுப்புவது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

சாதியையும் அப்படித்தான். காண்ட்ரிபியூட்டர் கவனென்டின் 2.0 பதிப்பில் இனம், மதம், பாலினம், தேசியம் எல்லாம் இருந்தன. சாதி இல்லை. 2.1-இல்தான் சேர்ந்தது. ஒரே ஒரு சொல். ஆனால் வெள்ளைக்கார மெயின்டெய்னருக்குப் புரியாத ஒரு காரியம் அவர் கண் முன்னாலேயே நடக்கும். இரண்டு இந்தியர்கள் காலில் பேசிக்கொள்வார்கள். "உங்க முழுப் பேர் என்ன?" "ஊர்ல எந்தப் பக்கம்?" "நீங்க வெஜ்ஜா?" அவருக்கு இது ஊர்ப்பாசம். கேட்கப்படுகிறவருக்கு என்ன நடக்கிறது என்று நன்றாகத் தெரியும். அந்த ஒரு சொல் விதியில் இல்லையென்றால், அவர் தன் புகாரை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவார்? அமெரிக்காவிலேயே சியாட்டில் நகரம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. அதே ஆண்டு கலிஃபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் நிராகரித்தார், இருக்கிற சட்டமே போதும் என்று. இருக்கிற சட்டத்தில் அந்தச் சொல் இல்லை என்பதுதானே பிரச்சினையே.

*

அப்படியானால் என்னதான் வேண்டும்? நான்கு விஷயம். எதுவும் ராக்கெட் அறிவியல் இல்லை.

ஒன்று, வேலை செய்கிற ஒரு முகவரி. அதன் பின்னால் குறைந்தது மூன்று பேர், பெயரோடு. அவர்களில் ஒருவர் ப்ராஜெக்ட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். இது விசாகாவிலிருந்து நான் திருடியது. புகார் அந்த மூவரில் ஒருவர் மேலேயே வந்தால் அவர் விலக வேண்டும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

இரண்டு, கெடு. மெயில் கிடைத்தது என்று இத்தனை நாளில் பதில், முடிவு இத்தனை நாளில். காத்திருப்பதும் ஒரு தண்டனைதான், இரண்டு பக்கத்துக்கும்.

மூன்று, படிப்படியான விளைவு. காண்ட்ரிபியூட்டர் கவனென்டே தன் 2.0, 2.1 பதிப்புகளில் நான்கு படி வைத்திருந்தது: திருத்தம், எச்சரிக்கை, தற்காலிகத் தடை, நிரந்தரத் தடை. ஒன்று கண்டுகொள்ளாமல் விடுவது, இல்லாவிட்டால் தூக்கி எறிவது என்று இரண்டே பொத்தான் இருந்தால் எந்தக் குழுவும் முதல் பொத்தானைத்தான் அமுக்கும். 2024 நவம்பரில் லினக்ஸ் கெர்னல் ஒரு ஃபைல் சிஸ்டம் பராமரிப்பாளரின் பங்கேற்பை 6.13 பதிப்பின் சுழற்சிக்கு மட்டும் கட்டுப்படுத்தியது. என்ன காரணம், எவ்வளவு காலம் என்பதைப் பொதுவில் சொன்னது. அந்த முடிவோடு முரண்பட்டவர்கள் நிறைய. முரண்பட முடிந்ததே முடிவு கண்ணுக்குத் தெரிந்ததால்தான்.

நான்கு, சம்பந்தப்பட்டவரை முடிவுக்கு முன்னால் கேட்பது. அடித்தவரையும் அடிபட்டவரையும்.

இந்த வேலையை யார் செய்வது என்பது கடைசிக் கேள்வி. வழக்கமாக அது ப்ராஜெக்ட்டில் இருக்கும் ஒரே பெண்ணின் தலையில் விழும். "உங்களுக்குத்தான் இது புரியும்" என்று மரியாதையாகக் கட்டிவிடுவோம். அவர் கோடு எழுதும் நேரத்தை இது தின்னும், அப்புறம் "அவங்க கமிட் கம்மி" என்போம். எங்களைப் போன்ற ஆண்கள் எடுத்துச் செய்ய வேண்டிய அலுப்பான வேலை இது. டெஸ்ட் எழுதுவதைப் போல, ஆவணம் எழுதுவதைப் போல.

*

அன்று அந்தப் பெண்ணுக்கு நான் என்ன பதில் எழுதினேன் தெரியுமா? "எனக்கே எழுதும்மா, நான் பாத்துக்கறேன்."

ஒரு நிமிடம் கழித்துப் பதில் வந்தது: "நீங்க அந்தக் கால்ல இருந்தீங்கள்ல அண்ணா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை. அவர் என்னைத் திட்டவில்லை. தகவலாகத்தான் கேட்டார். சாட்சியாக உட்கார்ந்திருந்து ஒரு வார்த்தை பேசாதவனிடம் புகார் கொடுக்கச் சொன்னால் யார்தான் கொடுப்பார்கள்? நல்ல மனசுள்ள தெரிந்த அண்ணன் ஒருவர் இருந்தால் போதும், முறை எதற்கு என்று கேட்கிறவர்களுக்கும் இதுதான் பதில். அந்த நல்ல மனசுள்ள அண்ணன் மியூட்டில் இருந்தான்.

பிறகு ஆறு மாதம் சண்டை போட்டு எங்கள் ப்ராஜெக்ட்டில் மேலே சொன்ன நான்கையும் எழுதினோம். அந்த மூத்த மெயின்டெய்னர் முதலில் எதிர்த்தார். சராசரிப் பிழை முதலில் யாரால், எந்தத் தேதியில் சொல்லப்பட்டது என்று கூட்டக் குறிப்பிலிருந்து எடுத்துக் காட்டியபோது அமைதியானார். வெளியீட்டுக் குறிப்பில் அந்தப் பெண்ணின் பெயரைச் சேர்த்தோம். அவருக்கு மெயில் அனுப்பினேன். "பாத்தேன் அண்ணா. நான் இப்ப வேற ப்ராஜெக்ட்ல இருக்கேன். அங்க நல்லாருக்கு" என்று எழுதியிருந்தார். திரும்பி வரவில்லை. வர வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்காவது ஏதோ ஒரு ரெப்போவில் கமிட் உரிமை இருக்கும். ஒரு உதவி செய்யுங்கள். அந்த ஃபைலைத் திறந்து முகவரி வரியைப் பாருங்கள். அடைப்புக்குறி இருந்தால் நீங்களும் என் கட்சி. முகவரி இருந்தால் அதற்கு ஒரு மெயில் போடுங்கள், "சோதனை" என்று மட்டும் எழுதி. எத்தனை நாளில் பதில் வருகிறது என்று எண்ணுங்கள். யாரிடமிருந்து வருகிறது என்று பாருங்கள். பதிலே வராவிட்டால், விதி திருத்தப்படும்வரை அந்த ஃபைலை நீக்கிவிடுங்கள். பச்சை டிக் போனால் போகட்டும்.